கூடாரத்தில் பிசைந்த புளியோதரை

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இருந்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, சாந்தோமில் பிறந்தவள்தானே, சின்ன வயசிலிருந்து மாதா கோயில் பூசை, தீர்த்தம், வானத்துச் சம்மனசு என்று கேட்டு வளர்ந்தவள்தானே, இவள் இப்படித்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். எங்கள் வீட்டில் நம்புகிறவர்கள் இருந்தார்கள், நான் இல்லை. விளக்கு வைத்த பிறகு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போகாதே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்தத் தோட்டத்துக்குள் புகுந்துதான் குறுக்கு வழியாக வீட்டுக்கு வருவேன், அதுவும் பொட்டலத்தில் வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே. ஒரு ஆவியும் வந்து எனக்குக் கொஞ்சம் கொடு என்று கேட்டதில்லை.

அப்படிப்பட்டவள் சொல்கிறேன், கேளுங்கள். இது ராத்திரியில் நடந்ததுகூட இல்லை. நல்ல வெயில், பிற்பகல், தலைக்கு மேலே காக்காய் கத்திக்கொண்டிருந்தது. நான் தூங்கவில்லை, காய்ச்சல் இல்லை, புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அதற்கு மேல் உங்கள் இஷ்டம்.

யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்துச் சாமான்களையெல்லாம் ஏலம் விட்டார்களே, அப்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நாலைந்து கூடாரம் மலிவாகக் கிடைத்தது. பச்சையும் இல்லாமல் காக்கியும் இல்லாமல் ஒரு நிறம், பிரித்தால் எண்ணெய் நாற்றம். பள்ளியை நடத்திய எங்கள் மதர் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசித்து, சாரணியர் பெண்களை மூன்று நாள் வெளியே கூட்டிப்போய்க் கூடாரமடித்துத் தங்கவைத்துக் கூட்டிவாருங்கள் என்று என்னையும் ரெஜினாவையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ரெஜினா டிரில் டீச்சர், என் சிநேகிதி, குரல் இருக்கிறதே, இங்கே விசில் ஊதினால் சைதாப்பேட்டையில் ரயில் நிற்கும் என்று நான் கேலி செய்வேன். இடம் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே, திருவான்மியூர் போகிற வழியில், பள்ளிக்கு வேண்டிய ஒருவருடைய சவுக்குத் தோப்பு. இன்றைக்கு அங்கே நின்றால் எது தோப்பு எது தெரு என்று எனக்கே தெரியாது. அப்போது அங்கே நரி ஊளையிடும்.

தோப்பைப் பார்த்துவர முன்கூட்டியே போனோம். காவல்காரர் முனுசாமி சுற்றிக் காட்டிவிட்டு, கிணற்றடியில் ஒரே ஒரு அடுப்பைக் காட்டினார். "இத்தத் தவுர வேற எங்கயும் நெருப்பு கிருப்பு வைக்கக்கூடாது டீச்சரம்மா. கீய பூரா சருகு கீது. ஒரு பொறி வுயுந்தா தோப்பே பூடும்" என்றார். ரெஜினா என்னைப் பார்த்தாள், நான் ரெஜினாவைப் பார்த்தேன். இருபதுக்கு மேல் பெண்கள், மூன்று நாள் சாப்பாடு, ஒரு அடுப்பு. எனவே வீட்டிலேயே பண்ணி எடுத்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆகிவிட்டது.

இதில் இன்னொரு தொல்லையும் இருந்தது. எங்கள் சாந்தோம் வீடுகளில் சமைத்தால் மயிலாப்பூர்ப் பெண்களில் பாதிப்பேர் வீட்டில் சாப்பிட விடமாட்டார்கள், மயிலாப்பூரில் சமைத்தால் எல்லோரும் சாப்பிடுவார்கள், அந்தக் காலம் அப்படி. எனக்கு அதில் கோபம் உண்டு, இப்போதும் உண்டு, ஆனால் பசிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு கோபப்பட்டு என்ன செய்வது. அதனால் சோற்றுப் பண்டமெல்லாம் மயிலாப்பூர் அம்மாக்களிடம், பலகாரமெல்லாம் எங்களிடம் என்று பிரித்துக்கொண்டோம். முதல் நாள் மத்தியானத்துக்கு எலுமிச்சம்பழச் சாதமும் தயிர்சாதமும். தயிர்சாதம் வெயிலில் புளித்துப்போகுமே என்று நான் கவலைப்பட்டபோது, ஒரு மாமி என்னை இரக்கத்தோடு பார்த்து, சோற்றைப் பாலில் குழையப் பிசைந்து மேலே ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டால், வண்டியில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் அதுவே தோய்ந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். ராத்திரிக்கு இட்லி, ஆறவைத்து இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் சுற்றியது. காலையில் ஊறவைத்த அவலும் வெல்லமும். நடுவில் கொறிக்க எங்கள் வீட்டு அச்சுமுறுக்கு, பொரிவிளங்காய் உருண்டை. இரண்டாம் நாளிலிருந்து கட்டிக்கொண்டு போனதெல்லாம் ஊசிப்போகும் என்பதால், அந்த ஒரே அடுப்பில் சோறு மட்டும் வடித்து, ஜாடியில் கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்துகொள்வது என்று ஏற்பாடு, தோப்பில் யார் வடித்தார்கள் என்று எந்த வீட்டிலும் கேட்கப்போவதில்லை. ரேஷன் அரிசி, கல் பொறுக்கியே கண் போனது, அது வேறு கதை.

அந்தப் புளிக்காய்ச்சல் ஜாடி வந்தது வைதேகியின் வீட்டிலிருந்து.

வைதேகி என் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிற பெண். பத்துப் பதினொரு வயசு இருக்கும். சித்திரக்குளத்துப் பக்கம் வீடு, ஐயங்கார்கள், அப்பா ராகவன் கோட்டையில் ஏதோ ஆபீசில் குமாஸ்தா. முன்னெல்லாம் வகுப்பில் அவளைப் பேசாதே என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கும். அந்த மழைக்காலத்தில் அவள் அம்மா டைபாய்டில் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சாப்பிடவில்லை. பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வாயில் வைத்தால் உள்ளே போகாது. போனாலும் திரும்ப வந்துவிடும். மோரும் பாலும்தான் இறங்கியது. டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். எழுந்து நின்றால் பாவாடை இடுப்பில் நிற்காது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே கரும்பலகைக்கு வருவாள். அதைப் பார்த்துவிட்டு நான் யாரையும் கரும்பலகைக்குக் கூப்பிடுவதையே நிறுத்தினேன்.

முகாமுக்கு முன்னால் ராகவன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நல்ல மனிதர், குரலே எழும்பாது. வீட்டைப் பார்த்துக்கொள்வது அவருடைய அக்காதானாம், அவர் வேளாவேளைக்கு மடியில் உட்கார்த்தி வைத்து ஊட்டிப் பார்க்கிறாராம், பயனில்லை. நாக்பூரில் அண்ணா இருக்கிறார், அங்கே பெரிய ஆஸ்பத்திரி, வீட்டில் குழந்தைகள், அங்கே அனுப்பிவிடலாம் என்று முடிவாகிவிட்டதாம். சொல்லும்போது அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த உலகப் படத்தில் எங்கேயோ நாக்பூரைத் தேடுகிற மாதிரி இருந்தது.

"இந்த மூணு நாள்ல ஒரு வேளை, ஒரே ஒரு வேளை அவ வயித்துல சோறு தங்கித்துன்னா, நான் அனுப்ப மாட்டேன் மிஸ். அவளும் போயிட்டா ஆத்துல நான் யாரைப் பாத்துண்டு இருக்கறது?" என்றார்.

நான் ரொம்பத் தைரியமாக, நான் சாப்பிட வைக்கிறேன், நீங்கள் கவலைப்படாமல் போங்கள் என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தோடு ஓடியாடினால் பசிக்கும், பசித்தால் சாப்பிடுவாள், இதில் என்ன இருக்கிறது என்பது என் எண்ணம். எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு, எல்லாம் தெரியும்.

முதல் நாள் மாட்டு வண்டிகளில் சாமானை ஏற்றிவிட்டு நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே நடந்து போனோம். கூடாரம் அடித்து முடிப்பதற்குள் ரெஜினா கத்திக் கத்தித் தோப்பிலிருந்த பறவையெல்லாம் பறந்துபோய்விட்டது. மத்தியானம் இலையைப் போட்டதும் அந்தப் பெண்கள் சாப்பிட்ட வேகத்தைப் பார்க்கவேண்டும். மாமி சொன்னபடியே தயிர்சாதம் தோய்ந்து அப்படி அமைந்திருந்தது. வைதேகி இலையில் வைத்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் வைத்தாள், எழுந்து மரத்துக்குப் பின்னால் போனாள். நான் பின்னாலேயே போய் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ராத்திரி இட்லியிலும் அதேதான். மறுநாள் காலை அவலைத் தொடவே இல்லை. என் தைரியமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் கிணற்றடி அடுப்பில் சோறு வடித்து, ரெஜினா பெரிய தவலையில் கொட்டி, நான்கு கரண்டி புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறு கிளறென்று கிளறினாள். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். தன் வீட்டுப் புளிக்காய்ச்சல்தானே, இதையாவது சாப்பிடுவாள் என்று நான் வைதேகியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாசனை பட்டதுமே அவள் கண் நிறைந்துவிட்டது. அத்தை பண்ணினதா என்று கேட்டேன். "அம்மா பண்றாப்பலயே அத்தை பண்ணினா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். இலையை மடித்து வைத்துவிட்டாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரையும் ரெஜினா கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போனாள். வைதேகிக்கு நடக்கத் தெம்பில்லை. அவளோடு நான் தங்கிவிட்டேன். கூடாரத்துக்குள் பாயில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், முகம் துணியை ஒட்டி. கூடாரத்தின் வாசல் மடிப்பை நான் கட்டி மேலே தூக்கி வைத்திருந்தேன். உள்ளே வெளிச்சம், காற்று வந்தால் துணி உப்பி அடங்கும். முனுசாமி தூரத்தில் கிணற்றடியில் தவலையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம் கேட்டது. பேய் வருகிற இடமாகவா இருக்கிறது இது, நீங்களே சொல்லுங்கள்.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு அவள் அப்பா வருவார். நான் என்ன சொல்வது. வகுப்பில் மூன்றாம் வரிசைப் பெண் யாரோ பழைய ரயில் அட்டவணையை வைத்து விளையாடியபோது, வைதேகி அதில் நாக்பூர் எத்தனை ஸ்டேஷன் தள்ளி என்று விரல் வைத்துப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவளால் முடியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று எழுந்து போய், மிச்சமிருந்த வெறும் சோற்றை ஒரு பேசினில் எடுத்துக்கொண்டு, ஜாடியையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் கொண்டுவந்தேன். கைகளைக் கழுவிக்கொண்டேன். பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் புளியோதரை பிசையவே தெரியாது. எங்கள் வீட்டில் மீன் குழம்பும் சோறும், யாரும் யாருக்கும் பிசைந்து கொடுப்பதில்லை, அவரவர் தட்டு அவரவர் பாடு. சோற்றைப் பரப்பி எண்ணெயை விட்டு, ஜாடி அடியிலிருந்து ஒரு கரண்டி போட்டுவிட்டு, வலது கையைச் சோற்றில் வைக்கப் போனேன்.

இப்போதுதான் நான் சொல்லவேண்டியது வருகிறது.

யாரோ என் வலது மணிக்கட்டைப் பிடித்தார்கள். இறுக்கமாக இல்லை. உறவுக்காரர் வீட்டுக்குப் போய், சும்மா இருக்கவேண்டாமே என்று நாம் கரண்டியை எடுத்தால், வீட்டுக்காரம்மாள் வந்து நம் மணிக்கட்டைப் பிடித்து, விடுங்கள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தள்ளிவைப்பார்களே, அந்தப் பிடி, வேறெதுவும் இல்லை. அங்கே யாரும் இல்லை. நான் பார்த்தேன், என் கை, என் புடவைத் தலைப்பு, பாய். என் வலது கை தானாக இறங்கி என் மடியில் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் அதை எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.

இடது கை சோற்றுக்குள் போனது.

நாங்கள் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் சோற்றில் இடது கை படுவதென்றால் எங்கள் வீட்டிலும் முட்டியில் அடி விழும். இடது கையால் நான் ஒரு பென்சில் பிடித்ததில்லை. அந்தக் கை அன்றைக்குப் பிசைந்ததை நான் வேடிக்கை பார்த்தேன், அப்படித்தான் சொல்லவேண்டும். விரலால் கிளறவில்லை. உள்ளங்கையின் அடிப்பக்கத்தால், பருக்கை உடையாமல், மெதுவாக அழுத்தி அழுத்தித் தள்ளியது. எண்ணெய் எல்லா இடத்திலும் ஏறின பிறகு கொஞ்சம் எடுத்து உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி பண்ணி, சோற்றிலிருந்து ஒரு வறுத்த கடலையைத் தேடி எடுத்து அந்தக் குழியில் வைத்து மூடியது. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்த ஜென்மத்தில் நான் அப்படி யாரும் செய்து பார்த்ததில்லை.

நான் கூப்பிடவில்லை. வைதேகி தானாகத் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். நெஞ்சு முழுக்க ஒரு நிம்மதி, வெளியூர் போன பிள்ளை வீட்டுக்குள் நுழைகிறபோது வருமே, அது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறெங்கும் பார்க்கவில்லை, எங்கே பார்த்தால் நின்றுவிடுமோ என்று. உருட்டியது, கொடுத்தது, உருட்டியது, கொடுத்தது. அவள் மென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. எத்தனை வாய் என்று நான் எண்ணவில்லை. பேசின் காலியாகிற சமயம் "போறும்" என்றாள், சாதாரணமாக, தினம் சொல்கிற மாதிரி. என் மணிக்கட்டில் இருந்த பிடி விட்டது. பேசினை எடுத்து வைக்கலாம் என்று இடது கையால் தூக்கினேன், நழுவிப் பாயில் விழுந்தது. அது மறுபடி என் பழைய கையாகிவிட்டது.

நான் கையைக் கழுவக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். ரெஜினா திரும்பி வந்து வாசலில் நின்று என் கையில் ஒட்டியிருந்த பருக்கைகளைப் பார்த்துவிட்டு, "என்னடி பிலோ இது, பீச்சாங்கையாலயா ஊட்டுன?" என்று கேட்டாள். கேட்டதற்குப் பிறகுதான் காலிப் பேசினைப் பார்த்தாள், பாயில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்தாள். அந்தப் பெரிய குரலைக் குறைத்துக்கொண்டு, "சாப்பிட்டாளா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள். அந்தச் சோறு திரும்ப வரவில்லை. சாயந்திரம் எழுந்து பொரிவிளங்காய் உருண்டை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கடித்தாள்.

மறுநாள் முற்பகல் ராகவன் ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். வைதேகி ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, நான் சாப்பிட்டேன், மிஸ்தான் ஊட்டினா என்று சொல்லிவிட்டு, கூடாரம் பிரிக்கிற இடத்துக்கு ஓடிவிட்டாள். ஓடினாள், கவனியுங்கள். அவர் கொஞ்ச நேரம் அவள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பக்கம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கைகளைப் பார்த்தார், இரண்டையும், மாறி மாறி. பிறகு ரொம்ப மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாதென்று பக்கத்தில் வந்து கேட்டார்.

"எந்தக் கையால மிஸ்?"

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. கூடாரத்துக்குள் வராதது அப்போதுதான் வந்தது. இடது கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன்.

அவர் அங்கேயே, ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். அவர் மனைவிக்கு இடது கைதான் வருமாம். கல்யாணமாகி வந்த புதிதிலேயே அக்கா பார்த்துவிட்டு, இந்தக் கையால் பரிமாறக்கூடாது, சமைக்கிற தளிகை உள்ளில் எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். அந்தம்மாள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் வலது கையால் பழகிக்கொண்டாராம், எல்லார் எதிரிலும். குழந்தைக்கு ஊட்டுவது மட்டும் சாமான் வைக்கிற உக்கிராண உள்ளில், கதவைச் சாத்திக்கொண்டு.

"நான் ஒரு நாள் கதவைத் திறந்துட்டேன். இடது கையால உருட்டி உருட்டிப் போட்டுண்டிருந்தா. ரெண்டு பேரும் சிரிச்சிண்டிருந்தா. என்னைப் பாத்ததும் அப்படியே பயந்துபோயிட்டா ரெண்டு பேரும். நான் பாக்காத மாதிரி கதவைச் சாத்திண்டு வந்துட்டேன். அதைப் பத்தி நானும் பேசலை, அவளும் பேசலை."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா போன பிறகும் அந்தப் பிள்ளை வாயைத் திறந்து, எனக்கு இந்தக் கைதான் வேண்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அத்தை நல்ல மனசோடுதான் வலது கையால் ஊட்டினார், ஆனால் அது அவள் சாப்பிடுகிற சோறு இல்லை. வயிறு காயக் காய அந்தக் குழந்தை அம்மாவின் ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்திருக்கிறது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, வைதேகி சொன்னாளா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். அவர் என்னை நம்பினார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மேற்கொண்டு கேட்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, தன் இடது கையை விரித்துப் பார்த்தார். "எனக்குச் சுத்தமா வராது. பழகிக்கறேன்" என்றார்.

பழகிக்கொண்டார். நாக்பூர் பேச்சு அதோடு நின்றது. தினம் ஆபீசிலிருந்து வந்ததும் உக்கிராண உள்ளில் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவும் பெண்ணும் சாப்பிடுவார்களாம். முதலில் பாதிச் சோறு தரையில்தான் விழுந்ததாம், வைதேகி சிரித்து அப்பாவும் சிரித்து, ஒரு நாள் அத்தையே கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு கிண்ணம் நெய்யைக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டுப் போனாராம். அந்த வருஷக் கடைசியில் வைதேகியை வகுப்பில் பேசாதே என்று நான் மறுபடி அதட்டவேண்டி வந்தது. அதட்டும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல.

ரெஜினாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் யோசித்துப் பார்த்து, பிள்ளை எப்போதாவது உன் எதிரில் அப்படிச் சாப்பிட்டிருக்கும், நீ கவனிக்காமல் கவனித்திருப்பாய், மனசு அதை எடுத்துக் கொடுத்திருக்கும் என்றாள். இருக்கலாம். நானும் எனக்கு அதையேதான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லறைத் தோட்டத்து வழியாக வருவதை நான் அப்புறமும் நிறுத்தவில்லை, ஆனால் கடலை கொறிப்பதில்லை. ஏனோ மரியாதையாக இருக்காது என்று தோன்றிவிட்டது.

வைதேகிக்குக் கல்யாணமாகி, தியாகராய நகரில் குடித்தனம் வைத்து, அவளுக்கும் ஒரு பெண் பிறந்து, அந்தக் குழந்தைக்கு இரண்டு வயசு இருக்கும்போது ஒருநாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் மடியில் குழந்தை, கிண்ணத்தில் பருப்புச் சாதம், வலது கையால் ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகாமைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, ஊட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் மிஸ், அன்னிக்குக் கூடாரத்துல எனக்கு ஊட்டிண்டே அப்படி அழுதேளே, எதுக்கு?"

நான் அழவில்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். அந்தப் பிற்பகலில் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தவலை தேய்க்கிற சத்தம், துணி உப்பி அடங்கினது, கையில் ஏறின எண்ணெய், எல்லாம். என் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. சிரித்துக்கொண்டே, நான் எங்கே அழுதேன், உனக்குச் சரியாக ஞாபகமில்லை என்றேன்.

"நன்னா ஞாபகம் இருக்கு மிஸ். கன்னமெல்லாம் வழிஞ்சது. நீங்க தொடைச்சுக்கக்கூட இல்லை. எனக்கு வாயில போட்டுண்டே, சிரிச்சிண்டே அழுதேள். நான் உங்க மூஞ்சியையே பாத்துண்டுதான் சாப்ட்டேன்" என்றாள், குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே.

நான் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேனே. அவள் எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்தது என் முகம்தானா வைதேகி என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. இன்றைக்கு அவள் தலையும் நரைத்துவிட்டது, பொங்கலுக்குப் பொங்கல் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறாள், எதிரில் உட்கார்ந்து முகத்துக்கு நேராகப் பேசுகிறாள், இன்றுவரை நான் கேட்கவில்லை.